போத்தலில இல்லாத பேர்

வைனைப் பற்றி எழுதப்போகிறோம் என்றதும் எங்கட குழுவிலேயே இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். "உங்களுக்கு வேற விசயமே கிடைக்கேல்லையா?" என்று ஒருவர். "வீட்டில பாத்தா என்ன நினைப்பினம்?" என்று மற்றவர். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். எழுதி முடித்த பிறகும் இரண்டாவது கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. முதலாவதுக்கு மட்டும் பதில் சொல்லப் பார்க்கிறோம்.

நடந்தது இதுதான். எங்களில் ஒருத்தன்ட சித்தப்பா லண்டனிலிருந்து லீவில் வந்தவர். திரும்பிப் போகும்போது ஒரு போத்தல் சிவப்பு வைனை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். தென்னாபிரிக்க வைன். திராட்சையின் பெயர் பினோட்டாஜ், விளைந்த இடம் ஸ்டெல்லன்பொஷ். பரீட்சை முடிந்த இரவு, பேராதனையில் போர்டிங் மாடியில் ஆறு பேர் இருந்து பிளாஸ்டிக் கப்பில் குடித்தோம். (ஆறு பேருக்கும் இருபத்தொரு வயது தாண்டிவிட்டது, பதறவேண்டாம்.)

கறுப்புக்குக் கிட்டவான சிவப்பு. முதல் வாய் எங்களில் பாதிப்பேருக்குப் பிடிக்கவில்லை. சாயம் கூடின பிளேன்ரீ மாதிரி நாக்கைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு. இரண்டாவது வாய்க்குப் பிறகுதான் பழம் தெரிந்தது. நாவல்பழம், அதுவும் நல்லாக் கனிஞ்சது. கடைசியில் ஒரு புகை. "நாவல்பழத்தை அடுப்புக்கு மேல தொங்கவிட்டமாதிரி இருக்கு" என்று ஒருத்தி சொன்னாள். வைன் எழுதுகிறவர்கள் இதற்குக் கனதியான வைன் என்பார்கள். எங்களுக்கு அவளின் விவரிப்பே போதுமாக இருந்தது.

போத்தலின் பின்பக்க லேபலில் மலைச்சரிவு, பழைய கொடிகள், கருங்கல் உக்கிய மண், கடலில் இருந்து வருகிற காற்று என்று ஒரு பந்தி. அட்டன் பக்கத்திலிருந்து வந்து படிக்கிற எங்கட தோழி அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு சொன்னாள்: "எங்க தேயிலப் பெட்டியிலயும் இதேதான் எழுதியிருப்பாங்க. மல, மூடுபனி, காத்து. ஆளுங்கள மட்டும் காணோம்."

அன்றைக்குச் சிரித்துவிட்டோம். அடுத்த நாள் காலமை அந்தச் சிரிப்பு அவ்வளவு சரியாகப் படவில்லை. லைப்ரரிக்குப் போய்த் தேடத் தொடங்கினோம். இந்தக் கட்டுரை அந்தத் தேடலில் வந்தது.

முதலில் திராட்சையைச் சொல்லவேண்டும், ஏனெண்டால் அதன் கதை உண்மையிலேயே சுவையானது. பினோட்டாஜ் காட்டில் கிடைத்த கொடி இல்லை. அது ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 1925 இல் ஸ்டெல்லன்பொஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆபிரகாம் இசாக் பெரோல்ட் இரண்டு திராட்சை இனங்களைக் கலந்தார். ஒன்று பிரான்சின் பர்கண்டி மாகாணத்துப் பினோ நுவார். வளர்க்கக் கஷ்டம், ஆனால் நல்ல வைன் தரும். மற்றது சன்சோ. வெயிலையும் வரட்சியையும் தாங்கும், நிறையக் காய்க்கும். சன்சோவை அந்தக் காலத்துத் தென்னாபிரிக்காவில் ஹெர்மிட்டேஜ் என்றுதான் கூப்பிட்டார்கள். பினோவும் ஹெர்மிட்டேஜும் சேர்ந்து பினோட்டாஜ். கிடைத்தவை நாலே நாலு விதைகள். அவற்றைப் பெரோல்ட் தன் பல்கலைக்கழக வீட்டுத் தோட்டத்தில் நட்டார். 1927 இல் வேறு வேலைக்குப் போனபோது அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

வளவில் புல் மண்டிவிட்டது. துப்புரவாக்க ஒரு கூட்டம் வேலையாட்களை அனுப்பினார்கள். அந்த நேரம் அந்த வழியால் வந்த சார்லி நீஹவுஸ் என்ற இளம் விரிவுரையாளர் விசயம் தெரிந்து குறுக்கே புகுந்து கன்றுகளைக் காப்பாற்றினார். பிறகு அவை எல்சன்பேர்க் விவசாயக் கல்லூரிக்குப் போயின. 1941 இல் முதல் வைன் எடுக்கப்பட்டது. 1959 இல் கேப் வைன் கண்காட்சியில் ஒரு பினோட்டாஜ் முதலிடம் எடுத்தது. 1961 இல் அந்தப் பெயர் முதல்முதலாக ஒரு கடைப் போத்தலில் அச்சானது.

பினோட்டாஜ் பற்றி எழுதுகிற எல்லாரும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். நாங்களும் சொல்லிவிட்டோம். ஆனால் திரும்ப ஒருக்கா வாசித்துப் பாருங்கள். பேராசிரியருக்குப் பெயர் இருக்கிறது. விரிவுரையாளருக்குப் பெயர் இருக்கிறது. கத்தியோடும் மண்வெட்டியோடும் வந்தவர்களுக்கு இல்லை. அவர்கள் "ஒரு கூட்டம்". கதையில் அவர்களுக்குள்ள ஒரே வேலை, விலைமதிப்பற்ற செடியை அறியாமல் வெட்டப்போவது. அந்தத் தோட்டத்துக்கு அடுத்த வளவுகளில் ஆயிரக்கணக்கான கொடிகளை நட்டு, கவ்வாத்துப் பண்ணி, பழம் ஒடித்தவர்களும் அதே ஆட்கள் என்பது கதைக்குள் வரவே வராது.

இந்தத் திராட்சைக்கு ஒரு கெட்ட பெயரும் இருந்தது. சீக்கிரம் பழுக்கும், சீனி கூட, தோல் நிறமும் துவர்ப்பும் கூட. நொதிக்கும்போது வேகமாகச் சூடேறும். கவனம் தப்பினால் நெயில் பொலிஷ் மணம், வாழைப்பழ மணம் எல்லாம் வந்துவிடும். 1970களில் பார்வையிட வந்த பிரித்தானிய வைன் நிபுணர்கள் துருப்பிடித்த ஆணி மாதிரி இருக்கென்று நக்கலடித்தார்கள். பிழை திராட்சையில் இல்லை, கைப்பக்குவத்தில்தான் என்று நிரூபித்தவர்களில் பேயர்ஸ் ட்ரூட்டர் முக்கியமானவர். சைமன்ஸ்பேர்க் மலையடியில் இருக்கிற கானொன்கொப் பண்ணையில் வைன் செய்தவர். 1991 இல் லண்டன் சர்வதேசப் போட்டியில் அந்த ஆண்டின் சிறந்த வைன் தயாரிப்பாளர் என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. வெள்ளைக்காரன் கெட்டதென்று சொன்ன உள்ளூர்ப் பழம், அவனிடமே பரிசு வாங்கின கதை. எங்களைப் போன்ற ஆட்களுக்கு உடனே பிடித்துப்போகிற கதைதான். ஆனால் அதோடு நின்றுவிட முடியவில்லை.

ஸ்டெல்லன்பொஷ் என்ற பெயருக்கு அர்த்தம் "ஸ்டெல்லின் காடு". 1679 இல் கேப்பின் ஒல்லாந்துத் தளபதி சைமன் வன் டெர் ஸ்டெல் தன் பெயரையே வைத்து உருவாக்கிய ஊர். இந்த மனிதரின் குடும்பத்தைத் தேடிப்போனபோது நாங்கள் எதிர்பாராமல் எங்கட ஊருக்கே வந்து சேர்ந்தோம். சைமனின் தகப்பன் அட்ரியான் வன் டெர் ஸ்டெல் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் அதிகாரி. 1646 இல் இலங்கையில், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் படைகளின் கையில் செத்தார். நாங்கள் பிளாஸ்டிக் கப்போடு இருந்த மாடியில் இருந்து பார்த்தால் தெரிகிற மலைகள் அந்த இராச்சியத்தினுடையவை. சைமனின் தாய்வழிப் பாட்டி இந்தியக் கரையோரத்துப் பெண் என்றும், அடிமையாக இருந்தவர் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

ஒல்லாந்தர் 1652 இல் கேப்பில் இறங்கினார்கள். 1656 இல் கொழும்பு, 1658 இல் யாழ்ப்பாணம். ஒரே கம்பனி, ஒரே கப்பல்கள். கேப்பில் விளைந்த திராட்சையில் முதல் வைன் எடுத்ததை அங்கிருந்த தளபதி யான் வன் ரீபெக் 1659 பெப்ரவரி 2 அன்று தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில் தஞ்சாவூர்ப் பக்கம் போரும் பஞ்சமும். பசியில் தங்களையும் பிள்ளைகளையும் விற்ற ஆயிரக்கணக்கானோரை இதே கம்பனி கப்பலேற்றியது, பெரும்பாலும் இலங்கைக்கு. கேப்புக்கு 1652 இலிருந்து 1808 வரை கொண்டுபோன அடிமைகள் 60,000க்கும் மேல் எனக் கணக்கிடுகிறார்கள். ஆபிரிக்காவின் கிழக்குக் கரை, மடகஸ்கார், இந்தோனேசியத் தீவுகள், இந்தியா, இலங்கை. ஸ்டெல்லன்பொஷ் பள்ளத்தாக்கில் கொடி நட்ட கைகள் இவை.

அவர்களுக்குப் பதிவேட்டில் எப்படிப் பெயர் எழுதினார்கள் தெரியுமா? முதலில் எசமான் வைத்த ஒரு பெயர். பெரும்பாலும் பைபிளில் இருந்தோ, ரோமானியக் கதைகளில் இருந்தோ, இல்லையெண்டால் அவர்கள் வந்துசேர்ந்த மாதத்தின் பெயரோ. அதற்குப் பிறகு வந்த இடம். வன் பெங்காலன், வன் மலபார், வன் டெ குஸ்ட். கடைசியாகச் சொன்னது கரையிலிருந்து வந்தவர், அதாவது சோழமண்டலக் கரை. பிறகு, வன் சிலோன்.

இந்தச் சொல்லில்தான் நாங்கள் கனநேரம் நின்றோம். தாய் தகப்பன் வைத்த பெயரை எடுத்துவிட்டு "இலங்கையிலிருந்து" என்று ஒரு ஆளில் ஒட்டுவது. தென்னாபிரிக்கா தன் வைன்களுக்கு விளைந்த இடத்தை லேபலில் உறுதிப்படுத்தும் சட்டமுறையை 1973 இல்தான் கொண்டுவந்தது. அந்த நாட்டில் வைன் போத்தலுக்கு ஊர் எழுதுவதற்கு முந்நூறு வருசம் முதலே மனிசருக்கு ஊர் எழுதிவிட்டார்கள். அவர்கள் என்ன மொழி கதைத்தார்கள் என்று எழுதவில்லை. விற்க அது தேவைப்படவில்லை.

எங்கட தோழி இதை வாசித்துவிட்டுச் சொன்ன ஒரே வசனம்: "சிலோன் ரீ."

சரி, அது பழைய கதை, அடிமை முறை 1834 இல் ஒழிந்தது, எல்லாவற்றையும் ஒல்லாந்தரில் போடாதீர்கள் என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். 1834 க்குப் பிறகு நடந்ததுதான் எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அந்த மேற்குக் கேப் பண்ணைகளில் டொப் என்றொரு வழக்கம். கூலியின் ஒரு பங்கை வைனாகவே கொடுப்பது. நல்ல வைன் இல்லை, விற்க முடியாத மலிவுச் சரக்கு. விடியக்காலமை தொடங்கி ஒரு நாளைக்குப் பல தடவை, தகரக் கோப்பையில். ஆள் பண்ணையை விட்டுப் போகாது, கூலி கூடக் கேட்காது, பண்ணைக்காரருக்கும் தேங்கின வைன் முடியும். 1960களில் சட்டம் தடுத்தது. ஆனாலும் 1990கள் வரை அங்கங்கே தொடர்ந்தது. வயிற்றில் இருக்கும்போதே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கிற பிள்ளைகளின் வீதத்தில், உலகத்தில் பதிவானவற்றுள் மிக உயர்ந்தவை மேற்குக் கேப்பின் இந்தத் திராட்சை ஊர்களில்தான் இருக்கின்றன. இரண்டு வரியில் எழுதிவிட்டோம். இரண்டு வரியில் எழுதக்கூடிய விசயம் இல்லை.

அதனால்தான் வைன்காரர்களின் மொழியோடு எங்களுக்கு ஒரு தகராறு. பிரெஞ்சில் தெர்வார் என்று ஒரு சொல் இருக்கிறது. மண், சரிவு, வெயில், மழை, காற்று எல்லாம் சேர்ந்து ஒரு வைனுக்கு அந்த இடத்தின் ருசியைக் கொடுக்கிறதாம். நம்புகிறோம். கோடையில் தென்கிழக்கிலிருந்து கேப் டொக்டர் என்று ஒரு காற்று வீசும், அது கொடிகளில் பூஞ்சணம் பிடிக்காமல் உலர்த்தும் என்கிறார்கள். அதையும் நம்புகிறோம். ஆனால் காற்றுக்கே ஒரு பட்டப்பெயர் வைத்து லேபலில் எழுதத் தெரிந்தவர்களுக்கு, அந்தக் காற்றில் நின்று கத்தரிக்கோல் பிடித்தவர்களை எழுத இடம் காணாது என்றால் அதை நம்ப மாட்டோம். மண்ணும் மழையும் ருசிக்குள் வருமெண்டால் கூலியும் வரும். பழையகொடிப் பினோட்டாஜ் என்று கூடின விலைக்கு விற்கிற போத்தல்களில் அறுபது, எழுபது வயதுக் கொடிகள் இருக்கின்றன. அந்தக் கொடிகளைக் கவ்வாத்துப் பண்ணினவர்களில் எத்தனையோ பேர் அன்றைய கூலியைக் கோப்பையில் வாங்கினவர்கள்.

பல்கலைக்கழகத்தையும் சும்மா விட முடியாது, நாங்களும் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு எழுதுவதால். பினோட்டாஜ் பிறந்த அதே வளாகத்தில்தான் இன ஒதுக்கலின் மூளை என்று சொல்லப்படுகிற ஹென்ட்ரிக் வெர்வூர்ட் பேராசிரியராக இருந்தார். பிறகு பிரதமரானார். அவர் பெயர் தாங்கிய நினைவுப்பலகை அங்கே ஒரு கட்டடத்தில் இருந்து 2015 இல்தான் கழற்றப்பட்டது. அதே ஆண்டு, ஆப்ரிக்கான்ஸ் மொழியிலேயே படிப்பிக்கிறார்கள், எங்களுக்கு விளங்கவில்லை என்று கறுப்பின மாணவர்கள் போராடினார்கள். மொழி விளங்காமல் விரிவுரை மண்டபத்தில் இருப்பது எப்படியென்று எங்களில் சிலருக்குத் தெரியும். அதை இன்னொரு கட்டுரையில் பார்ப்போம்.

அந்த மொழிச்சுவருக்குள்ளே போய் வெளியில் வந்த ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லவேண்டும். ன்ட்சிகி பியேலா. குவாசூலு நட்டாலின் ஒரு கிராமத்துப் பெண். 1999 இல் புலமைப்பரிசில் கிடைத்து வைன் படிக்க ஸ்டெல்லன்பொஷுக்குப் போகும்வரை வைன் என்ன ருசியென்றே தெரியாது. ஆப்ரிக்கான்ஸும் தெரியாது. தென்னாபிரிக்காவின் முதல் கறுப்பின வைன் தயாரிப்பாளப் பெண் ஆனார். பிறகு சொந்தமாக வைன் தொடங்கியபோது அதற்கு அவர் வைத்த பெயர் அஸ்லினா. மலையின் பெயர் இல்லை, பள்ளத்தாக்கின் பெயர் இல்லை. தன்னை வளர்த்த பாட்டியின் பெயர். வன் சிலோன் என்று வாசித்த அதே கிழமை இதை வாசித்தபோது எங்களுக்கு என்ன நடந்ததென்று எழுதினால் கொஞ்சம் நாடகமாகிவிடும், விடுவோம்.

இப்ப எங்கட பக்கம். ஒப்பிடும்போது கவனமாக இருக்கவேண்டும். மலையகத்தில் சம்பளத்தைச் சாராயமாகக் கொடுக்கவில்லை. அடிமைகளாக விற்கவும் இல்லை, கடனாளிகளாகக் கூட்டிவந்தார்கள். வேறுபாடு வேறுபாடுதான். ஆனால் தோழி சொன்ன ஒரு விசயம் இந்தக் கட்டுரையையே மாற்றிவிட்டது. தோட்டத்தில் "பேர்" என்றால் ஒருநாள் வேலை. குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தால் ஒரு பேர். எடுக்காவிட்டால் அரைப்பேர், அரைநாள் சம்பளம். நிறை தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். மழை நாளில், கொழுந்து குறைந்த மலையில், அன்றைக்கு உடம்புக்கு முடியாவிட்டால், அரைப்பேர். "அம்மா வேல முடிஞ்சு வந்ததும் நாங்க சோறு இருக்கானு கேக்க மாட்டோம். மொதல்ல கேக்கறது, இன்னிக்கு முழுப்பேரா அரப்பேரா" என்றாள்.

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருந்து வந்த எங்களுக்கு இது தெரியாது. மூன்று வருசம் ஒரே பச்சில், ஒரே கன்ரீனில் அவளோடு பிளேன்ரீ குடித்திருக்கிறோம். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருசக்கணக்கில் நடந்த போராட்டம் 2021 இல் வர்த்தமானியில் வந்தபோது ஸ்டேட்டஸும் போட்டிருக்கிறோம். அரைப்பேர் என்ற சொல் தெரியாது. தென்னாபிரிக்கப் போத்தலில் யாருடைய பெயர் இல்லையென்று கண்டுபிடித்த எங்களுக்கு, கையில் இருந்த பிளேன்ரீ கோப்பை தெரியவில்லை. வைனைப் பற்றி ஏன் எழுதினீர்கள் என்ற கேள்விக்கு இதுதான் பதில். சிலபேருக்குப் பக்கத்து மலை தெரிய ஒன்பது மணித்தியாலம் விமானத்தில் போகவேண்டியிருக்கு.

அப்ப குடிக்கக்கூடாதா? எங்களுக்குள்ளே இதில் ஒரு முடிவில்லை. ஒருவர் புறக்கணிக்கவேண்டும் என்கிறார். 2016 இல் தென்னாபிரிக்கத் திராட்சைப் பண்ணைகளின் நிலையைக் காட்டிய ஒரு டென்மார்க் ஆவணப்படம் வந்தபோது, அங்குள்ள சில கடைகள் சில வைன்களைத் தட்டிலிருந்து எடுத்தன. அது வேலை செய்கிறது என்பது அவரின் வாதம். தோழி அதற்கு எதிர். "தேயிலைய வாங்காதீங்கன்னு ஒலகம் சொன்னா மொதல்ல யாருக்கு வேல போகும்? தொரைக்கா?" என்றாள். பெரும்பான்மையோர் அவள் பக்கம். 2012 இல் ஹெக்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் டி டோர்ன்ஸ் என்ற ஊரில், வைன் திராட்சை இல்லை, சாப்பிடுகிற திராட்சை விளைகிற ஊரில், தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அன்றைக்குக் குறைந்தபட்ச நாட்கூலி 69 ராண்ட். கேட்டது 150. போராட்டம் மேற்குக் கேப் முழுக்கப் பரவியது, உயிர்களும் போயின. 2013 மார்ச்சில் 105 ராண்ட் ஆனது. கடைத்தட்டில் நிற்கிற எங்களால் அந்த 36 ராண்ட் வரவில்லை. அவர்கள் எடுத்தது.

ஆனால் கடைத்தட்டில் நிற்பவருக்கு ஒன்றும் செய்ய ஏலாது என்பதும் சோம்பேறிப் பேச்சு. வியெட்டா என்று ஒரு அமைப்பு 2002 இலிருந்து தென்னாபிரிக்க வைன் பண்ணைகளின் தொழில் நிலைமைகளைப் பரிசோதிக்கிறது. தேறிய வைன்களின் போத்தலில் ஒரு முத்திரை இருக்கும். முத்திரை எல்லாவற்றையும் சொல்லாது, பரிசோதனை நாளில் மட்டும் மலசலகூடத்தைக் கழுவிவைக்கிற கதை எந்த நாட்டுக்கும் பொது. ஆனாலும் வாங்குகிறவர் அதைத் தேடிப் பார்க்கிறார் என்று தெரிந்தால் விற்கிறவர் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார். லண்டன் சித்தப்பாவுக்கு வட்ஸ்அப்பில் இதையெல்லாம் அனுப்பினோம். "வடிவான போத்தில் எண்டு வாங்கினனான்டா தம்பி, அடுத்தமுறை பாக்கிறன்" என்று பதில் வந்தது.

நாங்கள் குடித்த போத்தலில் அந்த முத்திரை இருந்ததா என்று பார்க்கத்தான் நேற்று மாடிக்கு ஏறினோம். யன்னலடியில் வைத்திருந்த போத்தல் இல்லை. பழைய பேப்பர், போத்தல் எடுக்கிற ஐயா புதன்கிழமை வந்து போயிருக்கிறார். ஆன்ரி இருபது ரூபாய்க்குக் கொடுத்துவிட்டாவாம்.